பெட்டரியில் கரைத்த உப்பு

சார்ஜில் போட்ட பெட்டரி, அடுப்பைத் தணித்த பிறகும் அடங்காத சோற்றுப் பானையைப் போல, நாளெல்லாம் மெல்லிய குமிழ்ச் சத்தத்தோடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மூடிகளைக் கழற்றி வரிசையாக வைத்த ஏழெட்டுப் பெட்டரிகள் ஒன்றாக முணுமுணுக்கும்போது எழும் புளித்த ஆவி, மூக்கில் தங்காமல் நேரே தொண்டைக்குள் இறங்கிக் கீறும். எங்கள் வீடு வாப்பாவின் கடைக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் இருந்தது. எங்கள் தலையணை உறைகளிலும் என் பாடப் புத்தகங்களிலும் அந்த வாசம் ஏறியிருந்தது. எங்களுக்கு அது வாசமாகவே தெரிவதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை பிற்பகல், வழக்கமான புளிப்புக்கு மேலாக, கிணறுகளில் கொட்டும் குளோரின் தூளின் நெடி கடை முழுவதும் பரவிற்று. அந்த நெடிக்குக் காரணம் நான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுத இவ்வளவு வருடம் எடுத்துக்கொண்டதற்கும் நானேதான் காரணம்.

அறுபதுகளின் கடைசி அது. உக்குவளையில், கண்டி வீதியில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாப்பாவின் "சார்ஜ் கடை" இருந்தது. கடை வீதிக்குக் கரண்ட் வந்திருந்தது. யட்டவத்தைப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்திருக்கவில்லை. ஆகவே அங்கிருந்து ரேடியோ பெட்டரிகளைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவற்றைவிடப் பெரியவை லொறி பெட்டரிகள். தூக்க இரண்டு பேர் வேண்டும். அவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டவர் முத்தையாண்ணன்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடொன்றில் குடியிருந்தார். மனைவி அங்கே கொழுந்து பறித்தார். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யப் பிடிக்காமல் எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கடைக்கு வந்தவர். எழுத்துத் தெரியாது. எந்தப் பெட்டரி யாருடையது என்பதைச் சோக்கட்டியால் மீன், குடை, பூ என்று படம் போட்டு வைத்துக்கொள்வார். "அசிட்" தெறித்துத் தெறித்து அவருடைய சாரத்தில் அம்மை விழுந்தது போல ஓட்டைகள் இருந்தன. அவரிடம் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு: பெட்டரியில் தண்ணீர் குறைந்தால் மழைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடமாட்டார். மழை பிடித்தால் முதல் அரை மணி நேரத்தை வீணாக விட்டு, காற்றெல்லாம் கழுவப்பட்ட பிறகுதான் முற்றத்தில் நாலு கம்பு நட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, வடியும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் பிடிப்பார். அந்தப் போத்தலில் ஒரு தம்ளர் குடிக்கக் கேட்டாலும் கிடைக்காது.

அந்த மாதங்களில் தோட்டங்களில் எல்லோரும் பிரசாவுரிமை கேட்டு, இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தையாண்ணன் இலங்கைக்குப் போடுவதென்று முடிவு செய்திருந்தார். "இங்கதான் பொறந்தேன், எங்கப்பனும் இங்கதான் பொறந்தாரு. அங்க போயி யாரத் தேடுறதுங்க?" என்பார். விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்க, நிரந்தரத் தொழில் உள்ளவர், நன்னடத்தை உடையவர் என்று முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாப்பாவுக்கு எழுத்து ஓடாது. ஆகவே கடைக் கடிதங்களை நான்தான் எழுதுவேன். முத்தையாண்ணனுடைய கடிதத்தையும் என் மிக நல்ல கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். வாப்பா கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு வயது பதின்மூன்று. பெரியவளான பிறகும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார் என்று சொந்தக்காரர்கள் வாப்பாவிடம் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு சயன்ஸ்?" என்பார்கள். வாப்பா சிரித்துச் சமாளிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு பிழை, ஒரு பேச்சு கிடைத்தால் போதும், மறுநாளே என் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் எப்போதும் இருந்தது.

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் இளம் டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை, பழைய டோர்ச் பெட்டரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்கோல்களை ஜாம் போத்தலுக்குள் நிறுத்தி, கம்பியில் புது டோர்ச் பெட்டரிகளையும் ஒரு சின்ன பல்பையும் கோத்துக்கொண்டு வந்தார். போத்தலில் வடித்த சுத்தமான தண்ணீரை ஊற்றினார்; பல்பு எரியவில்லை. சீனி போட்டுக் கலக்கினார், எரியவில்லை. பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டி வேறு தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்பைப் போட்டார். உப்புக் கரையக் கரைய பல்பின் நூல் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, நன்றாகவே எரிந்தது. வகுப்பே கை தட்டிற்று.

"பிள்ளையள், நல்லாப் பாருங்கோ," என்றார் டீச்சர். "தனித் தண்ணியில மின்சாரம் போகாது எண்டே வைச்சுக்கொள்ளலாம். உப்பு கரைஞ்ச உடனே ரெண்டாப் பிரியும். ஒண்டுக்கு நேரேற்றம், மற்றதுக்கு மறையேற்றம். அதுகளைத்தான் அயன் எண்டு சொல்லுறது. அதுகள்தான் மின்சாரத்தைக் காவிக்கொண்டு ரெண்டு பக்கமும் ஓடுதுகள். சீனி கரையும், ஆனால் பிரியாது. அதாலதான் பல்பு எரியேல்லை."

மின்பகுபொருள் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடையை அடைந்தபோது முத்தையாண்ணன் யட்டவத்தை ஹாஜியாருடைய லொறி பெட்டரிக்கு மழைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஹாஜியாருக்கு மூன்று லொறிகள். எங்கள் கடையின் பெரிய வாடிக்கைக்காரர் அவர்தான். நான் புத்தகப் பையைக்கூட இறக்கிவைக்காமல், "முத்தையாண்ணே, நீங்க செய்றது பிழை. அந்தத் தண்ணியில கரண்ட் போகாது. உப்புத் தண்ணி ஊத்தினாத்தான் நல்லாப் போகும்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "கரண்டு போவாதுன்னா இத்தன நாளா லொறியெல்லாம் தள்ளிக்கிட்டா போச்சு பாப்பா?" என்று கேட்டார். ரேடியோ பெட்டரி எடுக்க வந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர் எனக்காகக் குரலைத் தணித்து, "ஆசிட்டு உள்ளுக்கே இருக்குதுங்க. ஆவியா போறது தண்ணி மட்டுந்தான். போனத மட்டுந்தான் நாம திருப்பி ஊத்தணும், வேற எதுவும் உள்ளுக்குப் போவக்கூடாது," என்றார்.

அவர் சொன்னது முழுவதும் சரி என்பதைப் பிற்பாடு முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்த நான் இன்று எழுதுகிறேன். பெட்டரிக்குத் தேவையான அயன்கள் அந்த அமிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. உப்பை அதற்குள் போட்டால், அதிலிருந்து பிரியும் குளோரைட்டு சார்ஜ் ஏறும்போது குளோரின் வாயுவாகக் கிளம்பும், உள்ளே நிற்கும் ஈயத் தகடுகளை அரித்துவிடும். எழுத்துத் தெரியாத மனிதர் தொழிலிலிருந்து கற்றுக்கொண்டதை, ஒரு பாடத்தின் பாதியைக் கேட்டுவிட்டு வந்த நான் அறியாமை என்று நினைத்தேன். அதைவிட மோசமானது, அந்த இரண்டு பேர் சிரித்ததை நான் மன்னிக்கவில்லை. சோக்கட்டியால் மீன் படம் போடுகிற ஆளுக்கு முன்னால் நான் சிறுத்துப்போனது எப்படி என்று அன்றிரவு படுக்கையில் கிடந்து குமைந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. நண்பகல் லுஹர் தொழுகைக்காக வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். முத்தையாண்ணன் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியடியில் குளிக்கப் போனார். நான் குசினிக்குப் போய் உப்புப் பரணியிலிருந்து ஒரு கோப்பை நிறைய அள்ளினேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உப்பு என்னத்துக்கு மகள்?" என்று திரும்பாமலே கேட்டார். "பள்ளிக்கூடத்துக்கு," என்றேன். உப்பை மழைத் தண்ணீரில் கரைத்தேன். ஹாஜியாருடைய பெட்டரியின் ஆறு குழிகளிலும் இருந்து, முத்தையாண்ணன் அமிலத்தை அளக்கும் ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கழிவுநீர்க் கானுக்குள் விட்டேன். இறக்கிய இடத்தை உப்புத் தண்ணீரால் நிரப்பினேன். அவசர அவசரமாகச் செய்தது பயத்தால் அல்ல. ஹாஜியாருடைய லொறி முன்னெப்போதும் இல்லாத மாதிரி ஒரே உதறலில் கிளம்புவதையும், அப்போது நான் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்வதையும் நினைத்துத்தான்.

பெட்டரி மீண்டும் சார்ஜில் ஏறிய பிறகுதான் அந்த நெடி வந்தது. முத்தையாண்ணன் இருமிக்கொண்டே கதவுப் பலகைகளையெல்லாம் கழற்றினார். "கெணத்து மருந்து வாசம் வருதே, எங்கயிருந்து?" என்று ஒவ்வொரு பெட்டரியாகக் குனிந்து மோந்து பார்த்தார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். மாலையில் ஹாஜியாரின் டிரைவர் வந்து பெட்டரியை எடுத்துப் போனார்.

நாலாம் நாள் ஹாஜியாரே வந்தார். தம்புள்ளைப் பக்கத்திலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு கண்டிச் சந்தைக்கு வந்த லொறியை, நாவுலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அது கிளம்பவேயில்லை. பாரத்தோடு தள்ள முடியவில்லை. வேறு லொறி போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்து, வெயிலில் தக்காளி நசிந்து சாறு ஓடிவிட்டது. பெட்டரியை அவர் கடை வாசலில் வைக்கச் சொல்லி, மூடிகளைத் திறக்கச் சொன்னார். உள்ளே பளிங்கு போல இருக்க வேண்டிய தண்ணீர் சேற்று நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"கிணத்துத் தண்ணிய ஊத்தீக்கான் உங்கட ஆளு," என்றார் ஹாஜியார். "அசிட்ட களவா வித்துட்டு பச்சத் தண்ணிய ஊத்தீக்கான். பாருங்க நிறத்த."

முத்தையாண்ணன் குனிந்து குழிகளைப் பார்த்தார். பிறகு, "சத்தியமா இல்லீங்க. மழைத் தண்ணிதான் ஊத்துனேன். வாசம் சரியில்ல, இத குடுக்க வேணாம்னு மொதலாளிகிட்ட அன்னைக்கே சொன்னேனே," என்றார்.

வாப்பா ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார். "என்கிட்ட நீ எப்ப சொன்ன?" என்று கேட்டார். "பொய் சொல்லாத முத்தையா."

முத்தையாண்ணன் சாட்சிக்கு ஆள் தேடுவது போலச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் வீட்டு வாசலில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டார். அவருடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "பாப்பா, நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க? வெள்ளிக்கெழம மழைத் தண்ணி ஊத்தயில எங்கிட்டப் பேசுனீங்களே. சொல்லுங்க பாப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ பாத்தியா மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"எனக்குத் தெரியா வாப்பா. நான் பாக்கல்ல," என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்க நேரமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் உப்பின் கதையும் வெளியே வரும், ஹாஜியார் முன்னால் வாப்பா தலைகுனிவார், மறுநாளே எனக்குப் பள்ளிக்கூடம் இருக்காது என்று வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொற்களைச் சொன்னேன். வாப்பா, "நீ இனி வர வேணாம்," என்றார். முத்தையாண்ணன் தன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். வாப்பாவிடம் சொன்னதாக அவர் சொன்னது பொய்தான் என்று நான் நம்பிக்கொண்டேன். அவரும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என்பது அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

அன்று பின்னேரம் உம்மா என் பாவாடையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். துவைத்தபோது முன்பக்கம் முழுவதும் சல்லடையாகப் பிய்ந்திருந்தது. கானுக்குள் அமிலத்தை விட்டபோது தெறித்தது. உம்மா அந்த ஓட்டைகளைப் பார்த்தார், உப்புப் பரணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். உம்மா பாவாடையைச் சுருட்டி அடுப்புக்குள் திணித்தார். "வாயத் திறக்காத," என்றார். "திறந்தா உன்ட படிப்பு முடிஞ்சிச்சு. எனக்கு மூணாம் வகுப்போட முடிஞ்சிச்சு, தெரியுமா?" அதற்கு மேல் அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து முத்தையாண்ணன் கடிதம் கேட்டு வந்தார். கடைக்குள் ஏறவில்லை, வீதியோரத்தில் நின்றே கேட்டார். வாப்பா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தாமல், "ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லிட்டார் முத்தையா. நல்ல ஆளுன்னு நான் எப்பிடி எழுதித் தாற?" என்றார். "களவு நான் செய்யலீங்க. அது ஒங்களுக்கே தெரியும்," என்றார் முத்தையாண்ணன். வாப்பா கணக்குப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார். நான் எழுதிய கடிதம் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், என் அப்பியாசக் கொப்பிக்குள் இருந்தது. பஸ் ஒன்று வந்து நின்று, புறப்பட்டுப் போனது. அது போன பிறகு வீதியோரத்தில் அவர் இல்லை.

அடுத்த வருடம், அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துப் போய்விட்டார் என்று தோட்டத்திலிருந்து வந்த யாரோ சொன்னார்கள். எங்கள் கடைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ரயில் நிலையத்தில்தான் ஏறியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் இருந்திருந்தால் அவருக்கு இங்கே பிரசாவுரிமை கிடைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கடிதம் இருந்தும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த எண்ணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பல வருடம் முயன்றேன். கடைசி வரை சரிவரவில்லை.

நான் படித்தேன். ஆசிரியையானேன். ஒவ்வொரு வருடமும் மின்பகுபொருள் பாடம் வரும்போது கரிக்கோல்களையும் பல்பையும் கொண்டுபோய் அதே பரிசோதனையைச் செய்து காட்டினேன். பல்பு எரியும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வாப்பாவிடம் சொன்னது உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு. வாப்பாவுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கடையை மூடி நெடுநாளாகியிருந்தது. ஒரு பிற்பகல், நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, உப்பிலிருந்து கடிதம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெட்டி முடிந்ததும் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"அண்டைக்கிச் சொல்லியிருந்தா உன்ன ஸ்கூல்லருந்து நிப்பாட்டித்தான் இருப்பேன்," என்றார். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பி, "அவன் சொன்னது உண்மை மகள். வாசம் பிழை, இத குடுக்காதீங்கன்னு அண்டைக்கே சொன்னான். ஹாஜியார்ட டிரைவர் காத்துக்கொண்டு நிக்கிறான்னு நான்தான் குடுக்கச் சொன்ன. பொறகு ஹாஜியாருக்கு முன்னால அதச் சொல்ல எனக்கு வாய் வரல்ல," என்றார்.

இருவரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அவனுக்கு எத்தன புள்ள?" என்று வாப்பா திடீரென்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் எங்கள் வீட்டு முற்றத்தில் மழை பிடித்த மனிதரிடம் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. வாப்பா அந்தக் கேள்வியை அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டார், முதல்முறை கேட்பவர் போலவே.

இங்கிருந்து போனவர்கள் பலர் குடியேறிய நீலகிரிப் பக்கத்திலிருந்து வந்து போகிறவர்களிடம் விசாரித்திருக்கிறேன். முத்தையா என்ற பேரில் அங்கே எத்தனையோ பேர். வீதியை அகலமாக்கியபோது எங்கள் கடை வரிசை இடிபட்டுப் போயிற்று. அந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். பெட்டரிகள் மூடியே இல்லாமல் ஒட்டி வருகின்றன, யாரும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஹாஜியார் இல்லை, வாப்பா இல்லை, உம்மா இல்லை. அன்று கடை வாசலில் நடந்ததைக் கண்டவர்களில் இந்த ஊரில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி. முத்தையாண்ணன் எங்கேனும் உயிரோடிருந்தால் அவருக்குத் தொண்ணூறு வயதாகும். எழுத்துத் தெரியாத அவருக்கு, அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்துக் காட்டினால் நல்லது.